கல்லூரிக்குள் வந்த நடனம்: சில குறிப்புகள்

1

போன மே மாதம் ஒரு மத்தியானம், கவுண்டரில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரத்தில், என் அக்கா இரண்டு விண்ணப்பப் படிவங்களோடு வங்கிக்கு வந்தாள். அவள் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்று வருகிறாள். தாவரவியலிலும் அவளுக்கு ஈடுபாடு உண்டு. மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தது. ஒரு படிவம் நாட்டியத்தையே பட்டப் படிப்பாக வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தினுடையது. மற்றது படிப்புக்குப் பெயர் போன ஒரு கலை அறிவியல் கல்லூரியினுடையது. நாட்டியம் அங்கே ஆண்டு விழா சமயத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வரும். "ஆட்டமும் விட்டுப் போகக் கூடாது, படிப்பும் கெடக் கூடாது. எதில சேர்க்கிறது, நீயே சொல்லு. இதப் பத்தியெல்லாம் எழுதறவன்தானே நீ" என்றாள்.

கல்விக் கடனும் வேண்டியிருந்தது. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். படிப்பு முடிந்த பின் எதிர்பார்க்கும் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் ஒரு வரி அதில் உண்டு. நாட்டியத்துக்கு அந்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருவரும் சற்று நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நடனம் ஒன்று, படிப்பு வேறொன்று, இரண்டையும் தராசில் வைத்துச் சமன் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எங்கே, எப்படி, யாருடைய தேவைக்காக உருவாயிற்று என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். கிடைத்தவை இந்தக் குறிப்புகள். நான் நடன விமர்சகன் அல்ல. ஆனால் ஒரு கலை எந்த ஸ்தாபனத்தின் கூரைக்குக் கீழ் வாழ நேர்கிறதோ அந்தக் கூரையின் உயரத்துக்கு அது குனிந்துகொள்கிறது என்பது இலக்கியத்தில் நாம் அன்றாடம் பார்ப்பது. நடனத்தில் அது வேறாக இருக்க நியாயமில்லை.

2

அமெரிக்காவில் நடனத்துக்கென்று தனிப் பட்டப் படிப்பை முதலில் வைத்தது விஸ்கான்ஸின் பல்கலைக்கழகம், 1926-ல். அதற்குக் காரணமான மார்கரெட் டோப்ளர் நடனக்காரி அல்ல. உயிரியல் படித்தவர்; பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1916-ல் மேற்படிப்புக்காக அவர் நியூயார்க் போனபோது, அவருடைய துறைத் தலைவி ப்ளான்ச் ட்ரில்லிங் ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்: கல்லூரிப் பெண் தன் நேரத்தைக் கொடுக்கத் தகுந்த ஒரு நடனம் அங்கே கிடைக்கிறதா என்று பார்த்து வா. அவர் பார்த்த நடன வகுப்புகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியை செய்து காட்டுவதை அப்படியே திருப்பிச் செய்வது கல்வியாகாது என்று அவருக்குப் பட்டது. கடைசியில் ஆலிஸ் பென்ட்லி என்ற சங்கீத ஆசிரியையிடம்தான் வழி கிடைத்தது. அவர் மாணவர்களைத் தரையில் படுக்க வைத்து, உடல் தன் பாரத்தை விட்டுவிட்டு எப்படி அசைகிறது என்று கவனிக்கச் சொன்னவர்.

1917 கோடையில் டோப்ளர் மாடிஸனில் தன் முதல் நடன வகுப்பை நடத்தினார். வகுப்பில் எலும்புக்கூடு ஒன்றை வைத்துக்கொண்டு மூட்டு எந்தத் திசையில் எவ்வளவு திரும்பும் என்று காட்டுவாராம். தான் ஆடிக் காட்ட மாட்டார். ஒவ்வொரு மாணவியும் தன் உடம்பிலிருந்தே அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும். நடனம் மேடைக்கான வித்தை அல்ல, மனிதன் தன்னை அறிந்துகொள்ளும் ஒரு மார்க்கம் என்பது அவர் கொள்கை. 1940-ல் வெளிவந்த அவருடைய புத்தகமும் இதையே வாதிக்கிறது. அவரிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியைகளாகப் போனார்கள். பின்னால் அமெரிக்க நடனத்தின் போக்கை மாற்றியவர்களில் ஒருவரான அன்னா ஹால்ப்ரின் அவருடைய மாணவிதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பெரிய லாபமும் ஒரு பெரிய நஷ்டமும் இருக்கின்றன. லாபம்: நடனம் சிந்தனையின் ஒரு வடிவம் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. நஷ்டம்: அப்படி ஒப்புக்கொள்வதற்காக நடனம் மேடையை விட்டுக்கொடுத்தது. அந்தக் காலத்துக் கண்ணியமான குடும்பங்கள் மேடைக்குப் பயந்தன. மேடையைக் கழித்துவிட்டுத்தான் நடனத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவர முடிந்தது. கல்லூரி கேட்ட விலை அது.

இரண்டாவது விடை வெர்மாண்ட் மாநிலத்தின் மலைப் பகுதியில் பிறந்தது. பென்னிங்டன் கல்லூரி 1932-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. அங்கே நடனம் கற்பித்த மார்த்தா ஹில், முன்பு மார்த்தா கிரஹாமின் குழுவில் ஆடியவர். 1934-ல் அவர் கல்லூரியின் கோடை விடுமுறையில் ஒரு நடனப் பள்ளியை நடத்தினார். கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்ல்ஸ் வைட்மன், ஹன்யா ஹோம் ஆகிய நால்வரும் அங்கே கற்பித்தார்கள். கற்க வந்தவர்களில் ஏராளமானோர் பல கல்லூரிகளின் உடற்பயிற்சி ஆசிரியைகள். அவர்கள் ஊர் திரும்பியதும் இந்தக் கலைஞர்களைத் தங்கள் கல்லூரிகளுக்கு ஆட அழைத்தார்கள். பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாமல் இருந்த நவீன நடனம், கல்லூரி கல்லூரியாக, உடற்பயிற்சிக் கூடங்களின் மரத் தரையில் ஆடியே உயிர் பிழைத்தது.

அதாவது, கல்லூரி அங்கே பள்ளிக்கூடமாக மட்டும் இல்லை. ராஜாவாகவும் இருந்தது. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1951-ல் அதே மார்த்தா ஹில், நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் நடனப் பிரிவைத் தொடங்கினார். கிரஹாமும் ஹம்ஃப்ரியும், பாலே உலகத்திலிருந்து ஆன்டனி ட்யூடரும் ஒரே இடத்தில் கற்பித்தார்கள். இங்கே விலை தலைகீழாயிற்று. மேடை முழுக்கக் கிடைத்தது. மற்ற படிப்புகள் ஓரத்துக்குப் போயின. இன்றும் அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த இரண்டு வழிகளும் இரண்டு பட்டங்களாக நிற்கின்றன. பி.எஃப்.ஏ. என்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் படிப்பு நடனத்திலேயே போய்விடும். பி.ஏ. என்றால் பாதிக்கும் குறைவுதான் நடனம். மீதி சரித்திரம், விஞ்ஞானம், மொழி. இரண்டையும் இணைக்கும் முயற்சிகளும் உண்டு. 1998-ல் ஆல்வின் எய்லியின் நடனப் பள்ளியும் ஃபோர்டம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பட்டத்தை ஏற்படுத்தின. மாணவர்கள் ஒரே நகரத்தில் நடனத்துக்கு ஒரு கட்டிடத்துக்கும் படிப்புக்கு இன்னொரு கட்டிடத்துக்கும் நடக்கிறார்கள்.

பதினெட்டு வயதில் படிப்பை விட்டுவிட்டு பாலே குழுவுக்குப் போனவர்களின் கதை வேறு. முப்பது சொச்சம் வயதில் முழங்காலோ இடுப்போ போதும் என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட தொழில்முறை நடனக் கலைஞர்களுக்காகவே கலிஃபோர்னியாவின் ஸெயின்ட் மேரீஸ் கல்லூரி 1999-ல் ஒரு பட்டப் படிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. விலையை முன்னால் கட்டாவிட்டால் பின்னால் கட்டியாக வேண்டும்.

3

நம்முடைய கதை வேறு மாதிரி. நமக்கு நடனமும் படிப்பும் பிரிந்தது ஒரு பல்கலைக்கழகக் கமிட்டியில் அல்ல, மனிதர்களின் ரணத்தில்.

நடனம் மட்டும் தெரிந்த நடனக்காரி என்று பழைய ஏற்பாட்டில் யாரும் இருந்திருக்க முடியாது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்க வித்வான்கள் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பேத்தி பாலசரஸ்வதிக்குத் தாய் ஜெயம்மாளின் பாட்டும், க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களும், தாளக் கணக்கும் தனித்தனிப் பாடங்களாக வந்திருக்காது. தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையின் தட்டுக்கழிக்கு முன்னால் அவர் வருஷக்கணக்கில் நின்றார். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. பதத்தின் பொருள் தெரியாமல் அபிநயம் செய்ய முடியாது. ராகம் தெரியாமல் பொருள் விரியாது. பயிற்சியே படிப்பு. சமன் செய்ய எதுவும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டுப் பழம்பெருமையில் கண் மூடுவது அயோக்கியத்தனம். அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு புரவலர் இருந்தார்: கோயில், அரண்மனை, ஜமீன். அந்தப் புரவலர் வாங்கிய விலை அந்தப் பெண்களின் வாழ்க்கை. அதே சமூகத்தைச் சேர்ந்த தாய்க்குப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக வாதாடினார். சட்டம் முழுமையாக வந்தது 1947-ல். அவருக்குக் கல்லூரி என்பது வெளியேறும் கதவு. சலங்கை என்பது விலங்கு. அவர் அனுபவத்தின் தளத்தில் நின்று பார்த்தால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது. புத்தகம் ஒரு பக்கம், சலங்கை ஒரு பக்கம் என்று தமிழ்நாட்டில் கோடு விழுந்தது இங்கேதான். நம் வீடுகளில் இன்றும் "படிப்பு கெடக் கூடாது" என்று சொல்லும் குரலில், சொல்பவருக்கே தெரியாமல், அந்தக் கோடு இருக்கிறது.

கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து நடனத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு கூரை தேவைப்பட்டது. 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடிய ருக்மிணி தேவி, அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அதே அடையாறுக்கு 1939-ல் மரியா மாண்டிசோரி வந்தார். நடனப் பயிற்சியும் பொதுக் கல்வியும் ஒரே மரத்தடியில் நடக்க வேண்டும் என்ற கனவு அங்கே இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கற்பித்தார்; டைகர் வரதாச்சாரியார் போன்ற வித்வான்கள் இருந்தார்கள். சதிராடியவர்களிடமிருந்து கலையை வாங்கிக்கொண்டு அவர்களுடைய சிருங்காரத்தைச் சலித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பிரசித்தம். பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் இடையே இருந்த அபிப்பிராய பேதத்தின் மையம் அது. அதில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். டோப்ளர் மேடையைக் கழித்தார். இங்கே காமத்தைக் கழித்தார்கள். கண்ணியம் எங்கும் எதையாவது கழித்துக்கொண்டுதான் நடனத்தை உள்ளே விடுகிறது. ஆனால் அந்தப் பள்ளி இல்லாமல் என் அக்கா மகள் அடவு கற்றிருப்பாளா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கற்றிருக்க மாட்டாள்.

பல்கலைக்கழகப் பட்டம் என்று பார்த்தால் நாம் வடக்கே பரோடாவுக்குப் போக வேண்டும். 1880-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தில் பெண் எடுத்தார். அந்தச் சம்பந்தத்தின் சீரோடு தஞ்சாவூர் ஆட்டக்காரிகளும் நட்டுவனார்களும் பரோடா போனார்கள். மனிதர்களைச் சீராக அனுப்பிய காலம். 1949-ல் அங்கே மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 1950-களின் தொடக்கத்திலேயே அது நடனத்தைப் பட்டப் படிப்பாக ஏற்றது. அந்தத் தஞ்சாவூர்க் குழுவின் வழிவந்த குபேர்நாத் தஞ்சோர்கர் அங்கே ஆசிரியரானார். சீராகப் போனவர்களின் வம்சம் இரண்டு தலைமுறைக்குள் சம்பளப் பட்டியலுக்கு வந்தது. புரவலர் மாறினார்; வேலை அதுவே.

அதே பரோடாவில் பின்னால் பொறுப்பு வகித்து 1992-ல் ஓய்வு பெற்றவர் ஸி.வி. சந்திரசேகர். கலாக்ஷேத்திரத்தில் டிப்ளமா வாங்கிய அவர், காசி இந்து பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முதுகலையும் படித்தவர். 2024-ல் மறைந்தார். வயதான பின்னும் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், கோடு பிசகாத அந்த உடம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். தாவரவியல் அவருக்கு அபிநயத்தில் உதவியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். இரண்டையும் செய்ய ஒரு ஆயுளில் இடமிருந்தது என்பது மட்டுமே விஷயம்.

4

இனி, இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம். 1962-ல் பாலசரஸ்வதி அமெரிக்கா போனார். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் அங்கே பல தேசங்களின் இசையை அந்தந்த தேசத்துக் கலைஞர்களைக் கொண்டே கற்பிக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பாலாவின் தம்பி ரங்கநாதன் அங்கே மிருதங்க ஆசிரியரானார். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதன், அதே பல்கலைக்கழகத்தில் 1975-ல் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியராக இருந்தார்.

கல்லூரிப் படியை மாணவியாக மிதிக்காத ஒரு பெண் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. ஆட வந்த அமெரிக்க மாணவிக்குப் பக்கத்து அறையில் பாட்டும் தாளமும் கற்க வழி இருந்தது. தனம்மாள் வீட்டின் ஒரு சிறு பகுதியை, அதன் அடிமைத்தனத்தை விட்டுவிட்டு, நூலகத்தோடு சேர்த்து ஒரு கல்லூரிக்குள் வைத்துப் பார்த்த மாதிரி. இதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அமெரிக்க மாணவிக்குத் தமிழும் தெலுங்கும் எந்த அளவுக்குப் பிடிபட்டிருக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் கேள்வியை எப்படிப் போட வேண்டும் என்பது எனக்கு இங்கேதான் தெளிவாயிற்று.

‘சமநிலை’ என்பது தவறான உருவகம். தராசில் நடனத்துக்கு எதிர்த்தட்டில் படிப்பை வைத்த மாத்திரத்தில் நடனம் அறிவல்ல என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. நடனத்துக்குக் கல்லூரி கடைசிப் புரவலர். கோயில் மானியமும் போயிற்று, ராஜாவும் போய்விட்டார். எந்தப் புரவலரும் இனாமாகக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு கல்லூரியைப் பார்த்துக் கேட்க வேண்டியது: நீ நடனத்திடமிருந்து என்ன விலை வாங்குகிறாய்?

இதை ஸ்தூலமான கேள்விகளாக மாற்றலாம். கற்பிப்பவர் இன்னும் ஆடுகிறாரா, அல்லது ஆடியவரா? அறையில் பாட ஒரு ஆளும் தட்ட ஒரு கையும் உண்டா? ஒரு நாளில் உடம்புக்கு எத்தனை மணி நேரம்? பதத்தின் மொழியை யாராவது சொல்லித் தருகிறார்களா? நடன சரித்திர வகுப்பில் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரும் தனம்மாளின் பெயரும் ஒன்றாக உச்சரிக்கப்படுகின்றனவா, அல்லது முனிவர்களிலிருந்து நேராக நேற்றைய சபாவுக்குத் தாவிவிடுகிறார்களா? மற்றப் பாடங்களின் ஆசிரியர்கள் ஒத்திகைக்குப் போகும் பெண்ணைச் சோம்பேறி என்று பார்க்கிறார்களா? கால் முறிந்தால் அவளுக்கு மிச்சமிருப்பது என்ன?

5

ஜூன் மாதம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அக்கா மகளோடு இரண்டு இடங்களுக்கும் போய் வந்தேன். பெயர்கள் வேண்டாம். நாட்டியத்தைப் பட்டமாக வைத்திருந்த இடத்தில் பாட்டு ஒரு கைபேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வகுப்பு நடுவில் யாரோ கூப்பிட, வர்ணம் பாதியில் நின்று மணி அடித்தது. மாணவிகள் அரைமண்டியிலேயே காத்திருந்தார்கள். ‘தியரி’ என்பது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் சுலோகம். வாரத்தில் உடம்புக்கு எட்டு மணி நேரம். மற்றக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை அவளை அழைத்துப்போய் ஹெர்பேரியத்தைக் காட்டினார். அரை மணி நேரம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். நடனத்தைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளுக்கு மேலே எழுதியதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "மாமா, நீங்க விமர்சனம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்றாள்.

நான் ஆங்கில இலக்கியம் பி.ஏ. மூன்று வருஷத்தில் அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பெயர்கூட உச்சரிக்கப்பட்டது கிடையாது. மௌனியைப் படித்தது வாடகை நூலகத்தில், விவாதித்தது டீக்கடையில். என் புரவலர் வங்கி. அது வாங்கும் விலை காலை ஒன்பதரையிலிருந்து என்னுடைய பகல். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு தெரியும். தபால் ஆபீஸும் டெலிபோன்ஸும் பள்ளிக்கூடமும் வங்கியும் இல்லாவிட்டால் நவீனத் தமிழ் இலக்கியத்தில் பாதி எழுதப்பட்டிருக்காது. நாம் இதில் பெருமைகூடப் படுகிறோம். எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ராத்திரிக்கு ஒத்திப்போட முடியும். உடம்பை ஒத்திப்போட முடியாது என்பதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அவள் தாவரவியலில் சேர்ந்திருக்கிறாள். தினமும் காலை ஐந்தரைக்குத் தன் பழைய ஆசிரியை வீட்டுக்குப் போகிறாள். அங்கே அந்த அம்மாளே பாடி, அவரே தட்டுகிறார். எட்டரைக்குக் கல்லூரி பஸ். மூன்று வருஷம் இது தாங்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தேர்வு சரியானது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு கல்லூரிகளில் நேர்மையானதைத் தேர்ந்திருக்கிறாள்.

கடன் படிவத்தை மறுபடி எடுத்துக் கொடுத்தேன். எதிர்பார்க்கும் வேலை என்ற இடத்தில், ‘ஆசிரியர் / ஆராய்ச்சி’ என்று எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மே மாதம் நானும் அக்காவும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. இவ்வளவு சுலபமாக நிரம்பிவிட்டதே என்பதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.